பச்சை நாடா கட்டிய கை

திருப்பரங்குன்றத்தில் மைத்துனர் வீட்டுக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. எங்கள் மருத்துவமனையின் அவசரப் பிரிவு நர்ஸ் ஜெயா. "சார், பேச்சி மேடம் இறந்துட்டாங்க சார்" என்றார். எந்தப் பேச்சி என்று அதட்டினேன். எங்களுக்குத் தெரிந்த பேச்சி ஒருவர்தான் என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது. முந்தின நாள் சாயங்காலம்தான் என் காரை எடுக்க விடாமல் குறுக்கே ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டு வம்பளந்தவர். இலையை மூடினேனா, கை கழுவினேனா என்று இன்றுவரை நினைவில்லை.

டாக்டர் பேச்சியம்மாள் எங்கள் அவசரப் பிரிவின் தலைவர். நான் மயக்க மருந்து டாக்டர். அவரை அறிந்தவர்களுக்கு அந்தக் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பழங்காநத்தம் பஸ் இரைச்சலையும் தாண்டிக் கேட்கும். திருவாதவூர்ப் பக்கம் வயல் கூலிக்குப் போன குடும்பத்தில் முதல் டாக்டர். அதைச் சொல்லி யாராவது மேடையில் புகழ்ந்தால் எழுந்து போய்விடுவார்.

விபத்தில் வருகிறவர்களின் காயத்தை அளந்து மணிக்கட்டில் நாடா கட்டுவது அவர் கொண்டுவந்த வழக்கம். உடனே பார்க்க வேண்டியவருக்குச் சிவப்பு, காத்திருக்கலாம் என்றால் பச்சை. ஒருமுறை கல்யாண வேன் கவிழ்ந்து ஒரே கூட்டம். காது கிழிந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தார். பேச்சி அவரைத் தாண்டிப் போய், பெஞ்சில் சும்மா உட்கார்ந்து தண்ணீர் கேட்ட சமையல்காரரின் நாடியைப் பிடித்தார், வயிற்றை அழுத்தினார், சிவப்பு கட்டினார். உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அந்த மனிதர் பிழைத்தார். "கத்துறவனுக்கு மூச்சு இருக்குண்ணே. சத்தமில்லாமத் தண்ணி கேக்குறான் பாருங்க, அவனத்தான் நான் பயந்து பாப்பேன்" என்று பேச்சி என்னிடம் சொன்னார்.

நிர்வாகத்துக்கு அவர் ஒரு தலைவலி. எங்கள் பிரிவில் சாவு குறைந்துவிட்டது என்று ஒரு கூட்டத்தில் கேக் வெட்டத் தயாரானார்கள். பேச்சி கத்தியை வாங்கி மேசையில் வைத்தார். மோசமான காயங்களையெல்லாம் வேறு மருத்துவமனைகளுக்கு அனுப்பிவிட்டோம், அவர்கள் அங்கே என்ன ஆனார்கள் என்று யாராவது விசாரித்தோமா என்று கேட்டார். "காயம் எம்புட்டுன்னு பாக்காம, பொழச்சவன மட்டும் எண்ணினா எப்படி? நம்ம வாசலத் தாண்டிப் போய்ச் செத்தாலும் அது நம்ம கணக்குதான்." கேக்கை யாரும் தொடவில்லை. பிறகு நான் மட்டும் ஒரு துண்டு தின்றேன், அதற்கும் திட்டு வாங்கினேன்.

அவர் வைத்த இன்னொரு சட்டம், தன் காயத்தையோ சொந்தக்காரர் காயத்தையோ யாரும் தானே அளக்கக் கூடாது என்பது. பாசம் கூட்டிச் சொல்லும், வீம்பு குறைத்துச் சொல்லும் என்பார். டிராக்டரிலிருந்து விழுந்த அவர் தம்பியைத் தூக்கி வந்த அன்று கதவுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, "நீங்க பாருங்கண்ணே, நான் உள்ள வரல" என்றார்.

இப்படிப்பட்டவர் கடைசி நாளில் செய்ததை ஜெயா சொல்லித்தான் அறிந்தேன். இன்னும் நம்ப முடியவில்லை. காலையில் வேலைக்கு வரும் வழியில் நாய் குறுக்கே வந்து ஸ்கூட்டர் சாய்ந்திருக்கிறது. கைப்பிடி வயிற்றில் குத்தியிருக்கிறது. எழுந்து அதே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். வந்த நேரத்தில், களையெடுக்கப் போன பெண்களை ஏற்றிய ஆட்டோ கவிழ்ந்து வாசல் நிறைய ஆட்கள். உங்களை ஒரு தடவை பார்த்துவிடலாம் மேடம் என்று ஜெயா கெஞ்சியிருக்கிறார். பேச்சி பச்சை நாடா ஒன்றை எடுத்து, பல்லால் இழுத்துத் தன் மணிக்கட்டில் தானே கட்டிக்கொண்டார். "எனக்கு ஒண்ணுமில்ல, அந்த அக்காவப் பாரு" என்றார். எல்லோருக்கும் நாடா கட்டி முடித்துவிட்டு, சத்தமில்லாமல் தண்ணீர் கேட்டார். ஜெயா டம்ளரோடு திரும்பியபோது தரையில் கிடந்தார். மண்ணீரல் கிழிந்திருந்தது. ஆபரேஷன் மேசையிலேயே உயிர் போய்விட்டது.

மாதந்தோறும் இறப்புகளை ஆராயும் கூட்டம் எங்களுக்கு உண்டு. அதையும் அவர்தான் தொடங்கினார். இம்முறை அவர் பெயரைச் சேர்க்க வேண்டாம் என்றது நிர்வாகம். நோயாளியாகப் பதியவில்லை, வேலைக்கு வந்தவர், மரியாதையாக விட்டுவிடலாம் என்றார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "அவங்க நம்ம வாசலத் தாண்டக்கூட இல்லையே" என்றேன். அவர் பெயரைச் சேர்த்தார்கள். தவிர்த்திருக்கக் கூடிய சாவுதானா என்ற கேள்வி வந்தது. தவிர்த்திருக்கலாம், காயத்தை அளந்தது தப்பு, அளந்தவர் டாக்டர் பேச்சியம்மாள் என்று நான் சொன்னேன். இதைவிடக் கசப்பான வாக்கியம் என் வாயிலிருந்து வந்ததில்லை. சொல்லிவிட்டு எல்லோர் முன்னாலும் அழுதேன்.

இப்போது எங்கள் பிரிவில் வேலை பார்க்கிறவர் யார் தண்ணீர் கேட்டாலும் ஜெயா முதலில் நாடியைப் பிடிக்கிறார். போன வாரம் நான் கேட்டேன். வெறும் வெயில் தாகம்தான். ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. கையை நீட்டினேன். பேச்சியிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது இந்த ஒன்றைத்தான், அவரே கைவிட்டுவிட்டுப் போன அவருடைய சட்டத்தை. நாடியை எண்ணி முடித்த பிறகும் ஜெயா என் கையை விடவில்லை. நானும் இழுத்துக்கொள்ளவில்லை.