ஒத்தை வயிறு பி, ரெட்டை வயிறு பி

நம்பர் பலகைக்கு எழுத்து வெட்டுகிற தொழிலில் இருப்பவர்களுக்கு ஊர்க்காரர்களை முகம் பார்த்து அடையாளம் தெரியாது, வண்டியின் பின்பக்கம் பார்த்தால்தான் தெரியும்.

கைக்குழந்தையோடு வேலைக்குப் போகிற அக்கா தங்கைகளே, என் பாடு உங்களுக்குத்தான் புரியும். பாப்பா பிறக்கும்வரை பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தேன். அதற்கப்புறம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கம்பெனிக்குள் நுழைய விடுவார்களா? வீட்டில் பார்த்துக்கொள்ளவும் ஆளில்லை. திருப்பூர் மங்கலம் ரோட்டில் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கும் சண்முகம் அண்ணன் ஒருத்தர்தான், "பாப்பாவையும் தூக்கிட்டு வா கண்ணு" என்றார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். பாப்பாவால் வாடிக்கைக்காரர் ஒருத்தர் முகம் சுளித்தாலும் நான் வேலையை விட்டு நின்றுகொள்ள வேண்டும்.

மேசைக்குப் பின்னால் பனியன் துணியில் தொட்டில். பக்கத்தில் விசைத்தறி. அந்தச் சத்தத்தில் பாப்பா அயர்ந்து தூங்குவாள். கரண்ட் போய்த் தறி நின்றாலோ, யாராவது கத்தினாலோதான் முழிப்பாள். சோப்புத் தண்ணீர் தெளித்த பலகையில் எழுத்தை வைத்தால், ஒட்டிக்கொள்வதற்கு முன்னால் கொஞ்சம் மிதக்கும். மத்தியான வெயிலில் அதையே பார்த்துக்கொண்டிருந்தால் நானும் கூடவே மிதப்பேன். வெட்டுகிறேனா, கனவு காண்கிறேனா என்று எனக்கே தெரியாது.

வெள்ளைக்கு வந்த கோபம்

கருப்புப் பலகையெல்லாம் வெள்ளையாக மாறிய சமயம் அது. அதுவரை சொந்த வண்டி என்றால் கருப்பில் வெள்ளை எழுத்து, வாடகை வண்டி என்றால் வெள்ளையில் கருப்பு எழுத்து. திடீரென்று சொந்த வண்டிக்கு வெள்ளைப் பலகை, வாடகை வண்டிக்கு மஞ்சள் பலகை என்று சட்டம் வந்துவிட்டது. கடை வாசலில் காயவைத்த வெள்ளைப் பலகைகள் வயலில் இறங்கிய கொக்குக் கூட்டம் மாதிரி இருக்கும்.

காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்திருக்கும் ஒருவர் காரோடு வந்தார். வெள்ளைப் பலகையைப் பார்த்ததும் அவருக்கு ரத்தம் கொதித்துவிட்டது. "என்ர காரென்ன வாடகைக் காருங்களா? நாளைக்கு பஸ் ஸ்டாண்டுல நிறுத்தினா எவனாவது பொட்டியோட ஏறி உக்காந்து ஈரோடு போன்னுருவான்!" என்று சத்தம் போட்டார். தொட்டில் அசைந்தது. பாப்பா உதட்டைப் பிதுக்கினாள். சண்முகம் அண்ணன் என்னைப் பார்த்தார். மில்க்காரர் எட்டித் தொட்டிலைப் பார்த்தார். அவர் குரல் அப்படியே தரைக்கு இறங்கியது.

"ஏனுங் அம்மிணி, மொதல்லயே சொல்லியிருந்தா கோவத்தையும் மெதுவாவே பட்டிருப்பனுங்களே."

முருகன் உட்கார்ந்த இடம்

அன்றிலிருந்து எங்கள் கடையில் பேச்சு எல்லாமே கிசுகிசுதான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. உள்ளே வருகிறவர்கள் தொட்டிலைப் பார்ப்பார்கள், செருப்பைக் கழற்றுவார்கள், குரலை இறக்குவார்கள். கோவில் மாதிரி ஆகிவிட்டது.

சாமளாபுரத்திலிருந்து தறிக்காரர் ஒருவர், புது பைக்கின் பின்பலகையில் நம்பருக்கு மேலே வேலும், கீழே "முருகன் துணை"யும் வேண்டுமென்று காதோடு காதாகக் கேட்டார். பலகையில் இங்கிலீஷ் எழுத்தும் எண்ணும் மட்டும்தான் இருக்கலாம், படமோ பேரோ கூடாது, போலீஸ் பிடிக்கும் என்று நானும் காதோடு காதாகச் சொன்னேன். மனுஷனுக்கு முகம் வாடிவிட்டது. வாசலில் போய் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"பின்னாடி வர்றவனுக்கு எதுக்குங் முருகன், ஓட்டற எனக்குத்தானுங்களே வேணும்? பெட்ரோல் டேங்க் மேல ஒட்டி உடுங்க."

எழுபத்திரண்டு

திருநெல்வேலிப் பக்கத்துத் தம்பி ஒருவன், ஓவர்லாக் டெய்லர். ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய பைக்குக்குப் பலகை மாற்ற வந்தான். கையிலிருந்த கருப்புப் பலகையை என்னிடம் கொடுக்கவே மனசில்லை அவனுக்கு. வெள்ளையாக மாற்றும்போது திருநெல்வேலியின் டி.என். 72 போய், திருப்பூரின் டி.என். 39 வந்துவிடும் என்று யாரோ அவனிடம் சொல்லிவிட்டார்கள். "நிறந்தான் தம்பி மாறும், நம்பர் மாறாது" என்றதும்தான் மூச்சே விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லையென்றால் ரோட்டோரம் நின்று போகிற வண்டிகளில் 72-ஐத் தேடுவானாம். கண்டால் கையை ஆட்டுவானாம். சில பேர் திருப்பி ஆட்டுவார்களாம், சில பேர் லிஃப்ட் கேட்கிறான் என்று நினைத்து நிறுத்திவிடுவார்களாம். அதனால் அந்த 72-ஐ மட்டும் பெரிதாக வெட்ட வேண்டும் என்றான். எண்ணெல்லாம் ஒரே உயரம், ஒரே கனம் என்பது விதி. அதைச் சொல்ல எனக்கே கஷ்டமாகத்தான் இருந்தது. அன்று ராத்திரி என் கனவில் எழுபத்திரண்டுகளாகவே வரிசையாகப் போயின, எல்லாம் கையை ஆட்டிக்கொண்டு. ஆனால் கடையில் நின்ற அவன் அழவெல்லாம் இல்லை. பலகையைத் துடைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"சரி விடுங்கக்கா, எறும்பு சைசுல இருந்தாலும் எங்க ஊர்க்காரனுக்குத் தெரியாமலா போவும்?"

பி

இத்தனை நாள் நன்றாகப் போன கிசுகிசுவே ஒருநாள் வினையானது. சரோஜாக்கா எங்கள் பழைய வாடிக்கை, சின்னதாக செக்கிங் யூனிட் வைத்திருப்பவர். புது மொபெட்டுக்கு அன்றுதான் நம்பர் கிடைத்திருந்தது. ஆர்.சி. புத்தகம் இன்னும் கைக்கு வரவில்லை. பாப்பா தூங்குகிறாளே என்று அவர் சண்முகம் அண்ணன் பக்கம் குனிந்து, "டி.என். 39, பி" என்று சொல்லி, நம்பரையும் சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் தன் கையாலேயே பலகை செய்து கொடுத்தார்.

புத்தகம் வந்த வாரமே பல்லடம் ரோட்டில் போலீஸ் நிறுத்திவிட்டது. புத்தகத்தில் இருப்பது ஒரு பி, பலகையில் இருப்பது இன்னொரு பி. திருட்டு வண்டியோ என்று துருவித் துருவிக் கேட்டு, கடைசியில் திட்டி அனுப்பியிருக்கிறார்கள். அக்கா பலகையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. தொட்டிலைப் பார்த்து, "இதுக்குத்தான் நான் அன்னைக்கே சொன்னேன். புள்ளைக்குப் பயந்து எல்லாரும் எறும்பாட்டம் பேசுனா காதுல எப்படி உழுகும்? கண்ணு, தப்பா நெனைக்காதே, நாளையிலிருந்து..." என்று ஆரம்பித்தார். நான் பாப்பாவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன். துணிப்பை எங்கே என்று கண் தேடியது.

சரோஜாக்கா அவரை முடிக்க விடவில்லை. "இருங்க சண்முகம். இப்ப நான் கத்தறேன், கேட்டுச் சொல்லுங்க" என்று சொல்லி, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி "பீ!" என்று கத்தினார். பாப்பா திடுக்கிட்டுப் பார்த்தாள். "எந்தப் பி சொன்னேன்? இங்கிலீஷ்ல பல்லடத்துக்குப் போடறதா, பனியனுக்குப் போடறதா?"

அண்ணன் முழித்தார். "பல்லடத்துக்கும் பனா, பனியனுக்கும் பனா... ரெண்டும் ஒண்ணுதானுங்களே அக்கா?"

"அதத்தானுங் நானும் சொல்றேன். நம்ம வாயில ரெண்டும் ஒண்ணு. மெதுவாச் சொன்னாலும் பி, கத்துனாலும் பி. இதுல பச்சைப்புள்ள என்ன பண்ணுச்சு?"

அண்ணன் பலகையை எடுத்துப் பழைய எழுத்தைச் சுரண்டினார். பாப்பாவை நான் மறுபடி தொட்டிலில் போட்டேன். தறி ஓடிக்கொண்டிருந்தது, அவள் கண் சொருகியது. புது எழுத்து வெட்டக் கத்தியை எடுத்த அண்ணன் சட்டென்று நிறுத்தினார். தொட்டிலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அக்கா பக்கம் குனிந்து, காற்று மட்டும் வருகிற குரலில், "ஒத்தை வயிறுங்களா, ரெட்டை வயிறுங்களா?" என்று கேட்டார்.

"ஒத்தை வயிறுங். தொட்டிலை இப்படி ரோட்டுப் பக்கம் போடாதீங்க, புள்ளைக்குத் தூசி அடிக்குது பாருங்க, நாளைக்கே உள்ளே தள்ளிக் கட்டுங்க."

ஒன்றோடு குழம்பும் என்று ஐ-யையும் சைபரோடு குழம்பும் என்று ஓ-வையும் நம்பர் வரிசையிலிருந்தே எடுத்துவிட்ட புத்திசாலிகள், ஒரே ஒருநாள் திருப்பூருக்கு வந்து பி என்று சொல்லிப் பார்த்திருந்தால் அந்த இரண்டு பி-யில் ஒன்றையும் எடுத்திருப்பார்கள்.