கண்ணைத் திறந்துகொண்டு செய்த ஜெபம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் காரைக் கர்த்தர் ஓட்டவில்லை. நான்தான் ஓட்டினேன். "ஸ்டியரிங்க விட்டுட்டேன், அவர் பிடிச்சுக்கிட்டார்னு எழுது, வாசிக்கிறவங்க அழுதுருவாங்க" என்று, நம் சபைப் பத்திரிகைக்குச் சாட்சி எழுதப்போகிறேன் என்றதும் மாதர் சங்கத்து அக்கா ஒருவர் எனக்கு யோசனை சொன்னார். யாரும் அழாவிட்டால் போகட்டும். ஆண்டவர் பேரைச் சொல்லிப் பொய் எழுத என்னால் முடியாது. அவர் ஓட்டுவார் என்று விட்ட அன்று நாங்கள் எங்கே போய் நின்றோம் என்பதையும் மறைக்காமல் சொல்லுகிறேன்.

என் பெயர் ஜெயராணி. ஊர் சேரன்மகாதேவி. தபால் அலுவலகத்தில் வேலை பார்த்தவள். என் கணவர் தங்கராஜுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயின. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்துக்கு மூன்று நாள் பாளையங்கோட்டைக்குப் போய் டயாலிசிஸ் செய்தாக வேண்டும். ஒரு நாள் தவறினால் கால் வீங்கிவிடும். மூச்சு வாங்கும். செய்து முடித்த பிறகு அவருக்குத் தலை சுற்றும், பஸ்ஸில் நிற்க முடியாது. மகள் துபாயில் இருக்கிறாள். வீட்டில் அவருடைய பழைய கார் இருந்தது. ஐம்பத்து நான்கு வயதில் ஓட்டப் பழகி லைசென்ஸ் எடுத்தேன்.

போன ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. விடாத மழை. நேரமாகிவிட்டது என்று வேகமாகப் போனேன். பத்தமடையைத் தாண்டி, கால்வாயை ஒட்டி ஒரு வளைவு வரும். அதே வேகத்தில் அதற்குள் நுழைந்துவிட்டேன். ஸ்டியரிங் திரும்புகிறது, கார் திரும்பவில்லை. மூக்கு நேராகக் கால்வாயைப் பார்த்துப் போகிறது. இன்னும் ஒடித்தேன். பிரேக்கை முழுப் பலத்தோடு மிதித்தேன். "இயேசுவே!" என்று கத்தினேன். கத்தியதோடு கண்ணையும் இறுக மூடிக்கொண்டேன்.

ஏன் மூடினேன் என்று கேட்பீர்கள். ஞாயிறு பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து நமக்கு அப்படித்தானே பழக்கம்? ஜெபம் என்றால் தலை தானாகக் குனியும், கண் தானாக மூடும். ஐம்பது வருஷப் பழக்கம், வளைவில் வந்து நின்றது.

கண்ணைத் திறந்தபோது முன் சக்கரம் ஒன்று கால்வாய்க்கு மேலே அந்தரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. என் கணவரின் நெற்றியில் இரத்தம். வயலில் இருந்தவர்கள் ஓடிவந்து இறக்கினார்கள். அன்று டயாலிசிஸ் தவறிப்போனது. மறுநாள் அவர் மூச்சுக்குத் தவித்ததை நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் கையால் அவரைக் கொல்லப் பார்த்தேனே என்று மனது அரித்தது.

அவருடைய தம்பி சாமுவேல் வந்தார். "மயினி, சாவிய இங்க தாங்க. இது ஒங்களுக்கு ஆகாத வேல" என்றார். என் கணவரே சாவியை எடுத்துத் தம்பியிடம் நீட்டினார். அதுதான் எனக்கு வலித்தது.

சாமுவேல் ஒரு டிரைவரை ஏற்பாடு செய்தார். அவர் இரண்டு நாள் வருவார், மூன்றாவது நாள் போனை எடுக்க மாட்டார். நவம்பர் முடிவதற்குள் மூன்று டயாலிசிஸ் தவறிவிட்டது. மருத்துவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இப்படியே போனால் தாங்க மாட்டார்" என்றார். வீட்டுக்கு வந்து அடுப்படியில் முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, என் பயத்தை எடுத்துப்போடும். இல்லாவிட்டால் எனக்குக் கற்றுக்கொடும்" என்று கேட்டேன். கேட்டேன் என்றா சொன்னேன்? சண்டை போட்டேன். வாரக்கணக்கில் போட்டேன்.

பதில் நெற்றி நிறையத் திருநீறோடு வந்தது. டயாலிசிஸ் நடக்கும் மருத்துவமனைக்கு நோயாளிகளைக் கொண்டுவரும் ஆம்புலன்ஸ் டிரைவர் முருகேசன் அண்ணாச்சி. என் வயதுதான் இருக்கும். வராந்தாவில் பேச்சுவாக்கில் நடந்ததையெல்லாம் அவரிடம் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வண்டி வழுக்கும்போது எங்கன பாத்தீக?"

"கண்ண மூடி ஜெபம் பண்ணினேன் அண்ணாச்சி."

அவர் சிரிக்கவில்லை. "நானும் சாமி கும்பிடும்போது கண்ண மூடுவேன்க்கா. வண்டியில மூட மாட்டேன். நீங்க எங்க பாக்குதீகளோ அங்கதான் கையும் போகும், காரும் போகும்" என்றார்.

ஞாயிறு மாலை வாரச்சந்தைத் திடலில் சொல்லித்தருவதாக ஒப்புக்கொண்டார். சாமுவேலிடம் போய்ச் சாவியைக் கேட்டேன். தயங்கினார். "கார் ஒங்க அண்ணனோடது, அண்ணன் என்னோடவரு" என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன். மருத்துவமனையில் டயாலிசிஸ் மருந்து வந்த காலி வெள்ளைக் கேன்களை அண்ணாச்சி கொண்டுவந்து வளைவுபோல அடுக்கினார். களிமண் தரையில் தண்ணீர் ஊற்றினார். மெதுவான வேகத்திலேயே கார் வழுக்கியது. முதல் நாள் நான் கவிழ்க்காத கேன் இல்லை.

"இந்த மாதிரிக் கார்ல முன் சக்கரந்தான் வண்டிய இழுக்குது, அதே சக்கரந்தான் திரும்பவும் செய்யுது. அதுமேலயே பிரேக்கையும் போட்டா அது எத்தன வேலதான் பாக்கும்? ஒரு வேலயக் கொறச்சுக் குடுங்கக்கா" என்றார் அண்ணாச்சி. ஆபீஸையும் அடுப்படியையும் ஆஸ்பத்திரியையும் ஒற்றை ஆளாகப் பார்த்தவள் நான். சக்கரத்தின் கஷ்டம் எனக்கு உடனே புரிந்தது.

அவர் கற்றுத்தந்தது இவ்வளவுதான். வளைவுக்கு முன்னால், நேரான சாலையிலேயே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். பிரேக்கை விட்ட பிறகுதான் திருப்ப வேண்டும். கண் வளைவின் முடிவைப் பார்க்க வேண்டும். அதையும் மீறி முன்பக்கம் வழுக்கினால், ஆக்சிலரேட்டரிலிருந்து காலைப் பைய எடுக்க வேண்டும். வெடுக்கென்று எடுத்தால் பின்பக்கம் வீசும். ஸ்டியரிங்கை மேலும் ஒடிக்கக் கூடாது, கொஞ்சம் நேராக்க வேண்டும். டயர் மறுபடி தரையைப் பிடிக்கும். பிடித்ததைக் கை உணர்ந்த பிறகு திருப்ப வேண்டும். வழுக்கிப் போகிற பக்கமே சக்கரத்தைத் திருப்பிக்கொடுக்க எந்த மனுஷிக்கு மனசு வரும்? எனக்குப் பத்து ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.

அந்த ஞாயிறுகளில் மாதர் கூட்டத்துக்கு நான் வரவில்லை. திருநீறு பூசியவரிடமா போய்க் கற்றுக்கொள்கிறாய் என்று கேட்டவர்களும் உண்டு. ஆமாம், அவரிடம்தான். என் ஜெபத்துக்கு யாரை அனுப்புவது என்று ஆண்டவருக்கு நாம் சொல்லித்தர வேண்டாம்.

பங்குனியில் அந்த நாள் வந்தது. பிசான நெல் அறுவடை முடிந்திருந்த சமயம். வியாழக்கிழமை காலை. நல்ல வெயில், காய்ந்த சாலை. பக்கத்தில் என் கணவர். பின்னால் சாமுவேல். நான் ஓட்டுவதை மேற்பார்வை பார்க்க வந்திருந்தார். அதே வளைவு. முன்பே வேகத்தைக் குறைத்து, பிரேக்கை விட்டு, திருப்பினேன். உள்ளே போன பிறகுதான் தெரிந்தது, எங்கள் பக்கத்துச் சாலை முழுவதும் நெல் காயப்போட்டிருந்தார்கள். எதிரே லாரி. ஒதுங்க வழியில்லை. நெல்லின் மேல் ஏறினேன். கார் மறுபடியும் திரும்ப மறுத்தது. சாலை ஓரத்தில் இரண்டு பெண்கள் நெல்லைத் துழாவிக்கொண்டு நின்றார்கள். கார் அவர்களைப் பார்த்துப் போனது.

"பிரேக்கப் போடுங்க மயினி! பிரேக்கப் போடுங்க!" என்று சாமுவேல் அலறினார். போடவில்லை. காலைப் பைய எடுத்தேன். அந்தப் பெண்கள் நின்ற பக்கமாக ஸ்டியரிங்கைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தேன். கண்ணை மூடச் சொல்லி உடம்பெல்லாம் கெஞ்சியது. நான் மூடவில்லை. அவர்களைப் பார்க்காமல், வளைவு முடிகிற இடத்தையே பார்த்தேன். "ஆண்டவரே, நான் பாத்துக்கிட்டு இருக்கேன், நீரும் பாரும்" என்று வாய்விட்டுச் சொன்னேன். டயர் பிடித்தது. கையில் தெரிந்தது. திருப்பினேன். ஒரு கை தூரத்தில் அவர்களைக் கடந்து போய் நிறுத்தினேன்.

அந்தப் பெண்களில் ஒருத்தி ஓடிவந்தாள். "எம்மா, ஒனக்குக் கண்ணு என்ன பின்னால பொடதியிலயா இருக்கு?" என்றாள். எனக்கும் வாய் இருக்கிறது. "ரோட்டு வளைவுல நெல்லக் காயப்போட்ட ஒனக்கு எங்க இருக்கு?" என்று கேட்டேன். அப்போதுதான் அவள் என் கணவரின் வீங்கிய முகத்தைப் பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது. "போங்கம்மா, சீக்கிரம் போங்க" என்று நெல்லை ஒதுக்கி வழிவிட்டாள். நான் காரை எடுத்தேன்.

சாமுவேல் இன்னும் அடங்கவில்லை. "நான்தான் அப்பவே பிரேக்கப் போடுங்கன்னு..." என்று ஆரம்பித்தார். என் கணவர் திரும்பிப் பார்த்தார்.

"ஏலே, சும்மா இரு. அவ ஓட்டுதா."

முப்பது வருஷக் குடும்ப வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான். அன்று சரியான நேரத்துக்கு அவரை டயாலிசிஸ் படுக்கையில் சேர்த்தேன். அதன் பிறகு ஒரு டயாலிசிஸ்கூடத் தவறவில்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். முருகேசன் அண்ணாச்சிக்கும் நன்றி. அந்தப் பெயரை வெட்டாமல் அச்சிடும்படி பத்திரிகை ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இதை வாசிக்கிற சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் உங்களுக்கு ஆகாது என்று எடுத்து வைத்த சாவி ஒன்று இருக்கும். அதைத் திரும்பக் கேளுங்கள். ஜெபம் பண்ணுங்கள், பண்ணிவிட்டுக் கற்றுக்கொள்ளவும் போங்கள். பயம் போகட்டும், பிறகு பார்க்கலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். என் பயத்தை எடுத்துப்போடும் என்று கேட்டேன், அதை ஆண்டவர் இன்றுவரை எடுக்கவில்லை. ஒவ்வொரு செவ்வாயும் வியாழனும் சனியும் பயந்துகொண்டேதான் ஓட்டுகிறேன். என் கணவர் உயிரோடு இருக்கிறார்.