அவர் காதுக்கு எட்டிய சத்தம்

கல்யாணமாகி சோமனூருக்கு வந்த புதிதில் எனக்கு முதலில் கட்டிப்போனது தொண்டைதான். என் கணவருக்குக் காது மந்தம். பதினைந்து வயதிலிருந்து அவருடைய அப்பாவின் தறிக்குடோனில் நின்றவர். விசைத்தறிகளின் இரைச்சலில் முப்பது வயதுக்குள் பாதிக்கு மேல் கேட்காமல் போய்விட்டது. சாப்பிட வரச் சொல்வதென்றாலும் கத்தித்தான் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு, யாருக்கு வயிறு சரியில்லை என்பதெல்லாம் தெரு முழுக்கத் தெரியும்.

அவருக்கு இருந்த ஒரே கிறுக்கு கார். யாரோ ஓட்டிச் சலித்த ஒரு பழைய காரை வாங்கி வந்து, வீட்டுக்குப் பக்கத்துக் கொட்டகையில் நிறுத்தி, ஞாயிற்றுக்கிழமைதோறும் பிரித்துப் போட்டுக்கொண்டிருப்பார். கோயமுத்தூரிலிருந்து அவரைப் போலவே கார் பித்துப் பிடித்த மூன்று நான்கு பேர் வருவார்கள். ஒருவர் பல் டாக்டர். இன்னொருவர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்தார். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் போகிற துளையைப் பெரிதாக்கிக் கொண்டு வந்து தருவது அவர் வேலை.

மற்றவர்கள் காதால் கேட்டு எஞ்சினைச் சரிசெய்வார்கள். என் கணவர் ஸ்குரூ டிரைவரின் நுனியை ஓடுகிற எஞ்சின்மேல் ஊன்றி, மரக் கைப்பிடியைத் தாடை எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். “மூணாவது சிலிண்டர் சரியா எரியலீங்க டாக்டரே” என்பார். பிரித்துப் பார்த்தால் அப்படியே இருக்கும்.

அதோடு விட்டிருந்தால் எனக்கு ஒன்றுமில்லை. ஒருநாள் சைலன்சரைக் கழற்றிவிட்டு, பின்பக்கம் நேராக ஒரு குழாயை மாட்டிவிட்டார்கள். எஞ்சினை முறுக்கிவிட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், எரியாத பெட்ரோல் குழாய்க்குள் போய்ப் பற்றி ‘படார்’ என்று வெடிக்கும். தறியில் நாடாக்கட்டை பாய்ந்து திரும்புகிற மாதிரி ஒரு நீல நெருப்பு வெளியே வந்து போகும். பெரிய மனிதர்கள் நாலு பேரும் அதற்குக் கை தட்டினார்கள்.

எதிர்வீட்டுப் பெண் கைக்குழந்தைக்காரி. மறுநாளே வாசலுக்கு வந்துவிட்டாள்.

“ஏனுங்க்கா, இப்பத்தான் கொழந்தையத் தொட்டில்ல போட்டேன். அண்ணங்கிட்டக் கொஞ்சம் சொல்லுங்க.”

நான் சொன்னேன். தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த ஞாயிறும் வெடிக்க வைத்தார். அன்றைக்கு நான் போய்க் காரின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

“எறங்கு அம்மணி.”

“எறங்க மாட்டனுங்க. கொழந்த இருக்கற ஊட்டுக்கு முன்னாடி இப்படிப் பண்றீங்களே, உங்களுக்கு என்னதான் கெடைக்குது?”

அவர் கையிலிருந்த சாவியைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு நெஞ்சில் உள்ளங்கையை வைத்துக் காட்டினார்.

“இந்த வெடிச்சத்தம் மட்டும் எனக்கு நல்லாக் கேக்குது, கண்ணு. நீ பேசறது தண்ணிக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்குது. இது அப்படியில்ல. சின்ன வயசுல எப்படிக் கேட்டுதோ அப்படியே கேக்குது.”

நான் காரைவிட்டு இறங்கினேன். அவருக்குக் காது கேட்காது என்பது எனக்கு என் தொண்டை வலியாக மட்டுமே தெரிந்திருந்தது. அவருடைய பக்கத்தில் அது எப்படி இருக்கும் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அந்த மாதமே பிடிவாதமாகக் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போய்க் காது டாக்டரிடம் காட்டினேன். காது கேட்கிற கருவி ஒன்று கொடுத்தார்: சட்டைப் பையில் வைக்கிற சின்னப் பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒரு ஒயர். பஸ் ஸ்டாண்டில் நின்று நான் வழக்கம்போல, “பஸ்ஸு வந்துருச்சுங்க” என்றேன். அவர் துள்ளி விழுந்தார்.

“மெதுவாப் பேசு. எல்லாரும் பாக்கறாங்க.”

ஆனால் எனக்கு மெதுவாகப் பேசுவது மறந்துபோயிருந்தது. அவரிடம் சாதாரணக் குரலில் பேச எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவர் நேராகக் கொட்டகைக்குத்தான் போனார். நானும் பின்னாலேயே போனேன். காரைக் கிளப்பி, முறுக்கி, காலை எடுத்தார். படார். முகம் கோணிப்போய் காதிலிருந்ததைப் பிடுங்கி எறிந்தார். எஞ்சினை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

“இத்தன சத்தமாவா இருந்துச்சு?”

“ஆமாங்க” என்று தலையாட்டினேன்.

அன்று சாயங்காலமே எதிர்வீட்டுக்குப் போய், “தெரியாமச் செஞ்சுபோட்டேன் அம்மணி, இனி இருக்காது” என்றார். அவள் சிரித்தாள். “பரவால்லீங்கண்ணா. எம் பையன் பழகிட்டான். இப்பெல்லாம் சத்தத்துக்கு முழிக்கறதே இல்லீங்க.” என்றாலும் அவர் பழைய சைலன்சரை மாட்டிவிட்டார்.

அதன்பின் சில வாரங்கள் அவர் சரியாகவே இல்லை. நண்பர்கள் வந்தால் காதில் ஒயரோடு எஞ்சினருகே குனிவார். எல்லாம் கலந்து ஒரே இரைச்சலாகக் கேட்டது அவருக்கு. பல் டாக்டரின் காரில், சிலிண்டருக்குள் தீப்பொறி விழுகிற டைமிங்கைத் தப்பாக வைத்துவிட்டார். அடுத்த ஞாயிறு கொட்டகையைத் திறக்கவில்லை.

நான்தான், “பல்லடத்துப் பக்கம் போயிட்டு வரலாமுங்க” என்றேன். காற்றாலைகள் நிற்கும் வெற்றுக் காட்டில், பக்கத்தில் ஒரு வீடுகூட இல்லாத இடத்தில் காரை நிறுத்தச் சொன்னேன். வேண்டுமென்றே முந்தின நாள் நேர்க்குழாயை டிக்கியில் எடுத்து வைத்திருந்தேன். அதைப் பார்த்ததும் என்னை ஒரு பார்வை பார்த்தார். குழாயை மாட்டி முடிக்க அரைமணி நேரம் ஆயிற்று. பிறகு காதிலிருந்த ஒயரைக் கழற்றிப் பெட்டியோடு சுருட்டி என் கையில் கொடுத்தார்.

“நீ உள்ள உக்காந்து மிதி. நான் வெளிய நின்னு கேக்கறேன்.”

நான் அதுவரை காரின் எந்தப் பெடலையும் தொட்டதில்லை. அவர் காட்டிக்கொடுத்ததை மிதித்தேன். எஞ்சின் லேசாக இருமியது. கண்ணாடியில், இன்னும் இன்னும் என்று அவர் கை காட்டுவது தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தரையோடு அழுத்திவிட்டுச் சட்டென்று காலை எடுத்தேன்.

வெடித்தது. சீட்டு என் முதுகோடு அதிர்ந்தது. திரும்பிப் பார்த்தால் அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

“இன்னொருக்கா, கண்ணு” என்றார். நான் மறுபடி மிதித்தேன்.