வடக்கே நடந்த வைரஸ்கள்

யிட்ஸ்கே இருபத்திரண்டு வருஷமாக ஊட்ரெக்ட் நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் கண்ணாடிச் சில்லுகளுக்குச் சர்க்கரை பூசிக்கொண்டிருந்தாள். அதற்கு முன் பாலாடைக்கட்டி ஆலையில் ருசி பார்க்கிற வேலை. அங்கே ஒட்டிக்கொண்ட சந்தேகப் புத்தி இங்கேயும் விடவில்லை.

அந்தச் சர்க்கரை, ஃப்ளூ வைரஸுக்காக. நம் செல்களின் மேல் புல் மாதிரி சர்க்கரை இழைகள் அடர்ந்திருக்கும். அதே போலச் சில்லில் பூசி, அதன்மேல் வைரஸை விட்டு நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். வைரஸுக்குக் காலும் இல்லை, எஞ்சினும் இல்லை. உடம்பெல்லாம் குட்டிக் கைகள், நடுநடுவே கத்தரிக்கோல்கள். கை இழையைப் பிடிக்கும். கத்தரிக்கோல் அதையே வெட்டும். சுற்றியிருக்கும் தண்ணீர் ஓயாமல் இடித்துத் தள்ளும். வெட்டிய பக்கம் பிடிக்க ஒன்றுமில்லை. வெட்டாத பக்கம்தான் கை சிக்கும். இப்படித் தள்ளாடியே வைரஸ் ஊர்ந்துவிடும்.

ஒரு செவ்வாய்க்கிழமை ரூலோஃப் ஆப்பிள் கேக் பெட்டியோடு ஓடிவந்தான். பேராசிரியர்தான், ஆனாலும் அவளைவிடப் பத்து வயது சின்னவன்.

"யிட்ஸ்கே! அத்தனை வைரஸும் வடக்கயே நடக்குது! ஒண்ணுகூடத் தப்பல!"

"வடக்க எங்க அண்ணன் வீடுதான் இருக்கு. அங்க எதுக்காம்?"

"கிண்டல் பண்ணாதீங்க. உலகமே பேசப்போகுது."

இரண்டு மணி நேரம் எடுத்த படத்தை அவன் வேகமாக ஓட்டிக் காட்டினான். வைரஸ் புள்ளிகள் ஊர்வலம் போல நகர்ந்தன. மூலையில் கண்ணாடியில் விழுந்த கீறல் ஒன்றும் கூடவே நகர்ந்தது.

"ஏன் ரூலோஃப், இந்தக் கீறலுக்கு எப்பக் கை முளைச்சுது?"

அவன் உட்கார்ந்துவிட்டான். நுண்ணோக்கியின் ஓரத்தில் காலையில்தான் ஹீட்டரைப் போட்டிருந்தார்கள். சூடேறச் சூடேறச் சில்லு வைத்த தட்டே மயிரிழை மயிரிழையாக நகர்ந்திருக்கிறது.

"கேக் வேற வாங்கிட்டேனே!"

"கேக் என்ன தப்பு பண்ணுச்சு? வெட்டு."

தின்றபடியே இருவரும் கணக்குப் போட்டார்கள். கீறல் போன தூரத்தை ஒவ்வொரு புள்ளியின் தூரத்திலிருந்தும் கழித்தார்கள். ஊர்வலம் கலைந்தது. உருண்டை வைரஸ்கள் சந்தையில் வழி தவறியவர்கள் போலச் சுற்றின. குச்சி போல நீண்டவை மட்டும் நேர்கோட்டில், ஆளுக்கொரு திசையில் போயின. ஒப்பிட்டுப் பார்க்க முன்பே மருந்து போட்டுக் கத்தரிக்கோலை மழுக்கியவை இருந்த இடத்திலேயே ஒட்டிக் கிடந்தன.

"இது முன்னதவிட நல்லாத்தான் இருக்கு," என்றான் ரூலோஃப், மனசில்லாமல்.

யிட்ஸ்கே ஒரு நீளக் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் இடித்ததில் அது சற்றுப் பின்வாங்கியது. வெட்டிய பாதை, பிடிக்க ஒன்றும் அகப்படவில்லை. மறுபடி முன்னால் சரிந்தது.

"திரும்பிப் போயேன், பாக்கலாம்!" என்று அவள் அதைச் சீண்டினாள்.

அது போகவில்லை.