சீமைப் பால் டின்னும் எங்கள் மெடிக்கல் கடையும்

மெடிக்கல் கடைக்காரியின் வேலையில் பாதி மருந்து கொடுப்பது. மீதிப் பாதி, பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மருந்து உங்களுக்கும் கேட்க வேண்டியதில்லை என்று மல்லுக்கு நிற்பது. திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு நடுவே ஒரு சந்தில் பதினெட்டு வருஷமாக இப்படி நிற்கிறேன். கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கிய புண்ணியவான்கள் யாராவது இதைப் படித்தால் எனக்காக ஒரு பெருமூச்சு விடுங்கள். காய்ச்சல், சளி, வாயுத் தொல்லை எல்லாவற்றையும் சமாளித்துவிட்டேன். வெளிநாட்டுக் குழந்தைப் பால் மாவுக்கு இறக்குமதி விதிகளைத் தளர்த்தப் போகிறார்கள் என்று டிவியில் பேச்சு அடிபட்டதே, அதைத்தான் சமாளிக்க முடியவில்லை.

ஃபர்ஸ்ட் குவாலிட்டி

தளர்த்தலாமா என்று யோசிக்கிறார்கள் என்றுதான் செய்தி. எங்கள் ஊர் அதை, வந்து இறங்கிவிட்டது என்று கேட்டுக்கொண்டது. காலை பத்து மணிக்குள் ஏழு பேர் வந்து எந்த அலமாரியில் வைத்திருக்கிறேன் என்று எட்டிப் பார்த்தார்கள். இன்னும் வரவில்லை, வந்தாலும் உடனே வராது, வந்ததெல்லாம் நல்லது என்றும் சொல்ல முடியாது, தாய்ப்பாலுக்கு மிஞ்சியது எதுவும் இல்லை என்று ஏழு பேருக்கும் ஏழு தடவை ஒப்பித்தேன். தொண்டை கட்டிப்போனதுதான் மிச்சம்.

எட்டாவதாக வந்தவர் சரோஜாக்கா. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மிஷினில் இருபது வருஷமாக உட்கார்ந்திருப்பவர், மகள் வயிற்றுப் பேத்திக்குப் பால் மாவு வாங்க வந்திருந்தார். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எனக்குத் தொழில் தெரியவில்லை என்பதுபோல ஒரு பார்வை பார்த்துச் சொன்னார்: "நாம நல்ல பனியனையெல்லாம் கப்பலேத்திட்டு, ஓட்டை விழுந்ததத்தானுங்க இங்க போட்டுக்கறோம். அப்ப கப்பல்ல ஏறி வர்றது ஃபர்ஸ்ட் குவாலிட்டியாத்தானுங்களே இருக்கும்?"

நாற்பது டிகிரி

சென்னியப்பன் அண்ணன் இந்த விதியெல்லாம் தளரும் வரை காத்திருக்கிற ஆள் இல்லை. எங்கள் சந்து முனையில் இருக்கிற கம்பெனி அவருடையது. வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு உள்ளாடையும் குல்லாவும் தைத்து அனுப்புகிறார். அவருடைய ஆர்டரைப் போடுகிற ஊரில் குழந்தைகள் எல்லாம் கொழுகொழுவென்று இருப்பதை அளவு அட்டையிலேயே பார்த்தவர். தன் பேரனும் அந்த அளவுக்கு வர வேண்டும் என்று ஆசை. மருமகன் ஆர்டர் விஷயமாக அங்கே போனபோது பெட்டியில் ஆறு டின் வந்து சேர்ந்தது.

ஒரு டின்னை என்னிடம் கொண்டுவந்து படித்துச் சொல்லச் சொன்னார். இங்கிலீஷ் எழுத்துகளின் தலையில் புள்ளி வைத்த ஏதோ பாஷை. ஒரு வார்த்தை புரியவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் படம், ஒரு கரண்டி படம், பக்கத்தில் நாற்பது என்று ஓர் எண். கூட வந்தவர் அவருடைய கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர், துணிகளில் சலவைக் குறிப்பு லேபிள் தைத்துத் தைத்தே பழகியவர். அதை ஒரு நொடியில் பார்த்துவிட்டு, நாற்பது டிகிரியில் துவைக்கலாம், இஸ்திரி கூடாது என்றார். புரியாத டின்னைப் பச்சைப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள் அண்ணா என்று கையைப் பிடிக்காத குறையாகச் சொன்னேன். சென்னியப்பன் சிரித்தார். "படிக்கறதுக்கா வாங்கியாந்தோம் அம்மிணி? குடிக்கறதுக்குங்க."

உள்ளே கை வைக்க மாட்டோம்

நம்மூர் பால் மாவுக் கம்பெனியின் விற்பனை ரெப் அந்த வாரம் வந்தார். டை கட்டின தம்பி. வழக்கமாகச் சிரித்துக்கொண்டே வருவார். அன்று முகம் தொங்கிப்போயிருந்தது. விதி தளர்ந்தால் போட்டி வரும், போட்டி வந்தால் விலை இறங்கும், ஜனங்களுக்கு நல்லதுதானே என்று ஆறுதல் சொன்னேன். கம்பெனியும் சும்மா இல்லை, தரத்தை உயர்த்த வேலை நடக்கிறது என்றார். சந்தோஷமாக இருந்தது. என்ன செய்யப் போகிறீர்கள் என்று விவரம் கேட்டேன்.

"அடுத்த மாசத்திலிருந்து எங்க டின்னும் பாக்கிறதுக்கு அப்படியே வெளிநாட்டு டின் மாதிரியே இருக்கும் மேடம். உள்ள இருக்கறதுல மட்டும் நாங்க கை வைக்க மாட்டோம்."

ஆற்றில் போகிற தண்ணீர்

பத்தாம் நாள் சென்னியப்பன் அண்ணனே ஓடி வந்தார். பேரனுக்கு நாலு நாளாக வெளிக்குப் போகவில்லை. வீடே கலங்கிப்போயிருந்தது. டாக்டர் பார்த்ததில், பால் இருமடங்கு கெட்டியாகப் போயிருக்கிறது என்று தெரிந்தது. நம்மூர் டின்னில் முப்பது மில்லி தண்ணீருக்கு ஒரு கரண்டி. அந்த டின்னின் கரண்டி பெரியது, அறுபதுக்கு ஒன்று; வீட்டில் முப்பதுக்கே ஒன்று போட்டிருக்கிறார்கள். அந்த ஊர்க்காரரிடமே போனில் கேட்டுத்தான் இது தெரியவந்தது. பேரன் பழைய டின்னுக்குத் திரும்பி இரண்டே நாளில் தெளிந்துவிட்டான்.

மிச்சம் நாலு டின் இருந்ததே, அதை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். தன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிற எஸ்தருக்குக் கொடுத்துவிட்டதாகப் பெருமையாகச் சொன்னார். ஆற்றில் போகிற தண்ணீரை அப்பா குடி ஆத்தா குடி என்று கொடுத்த கதைதான். அளவு சொல்லிக் கொடுத்தீர்களா என்று கேட்டேன். "அதென்னுங்க, டின்லயே போட்டிருக்குதுங்களே!"

ஷேடு ஓகே

இந்த இடத்தில் என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். எஸ்தர் என் கடையில்தான் பால் மாவு வாங்குவாள். சாத்தான்குளம் பக்கத்துப் பெண், இரண்டு சந்து தள்ளி லைன் வீட்டில் இருக்கிறாள். அன்றே ஒரு எட்டுப் போய் அளவைச் சொல்லியிருக்கலாம். கடையில் கூட்டம், மறந்துபோனேன். மூன்று வாரம் கழித்து நாலு மாதக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, எடை கூடுவதற்கு டானிக் கேட்டு வந்தாள். குழந்தையைத் தராசில் படுக்க வைத்தேன். தடுப்பூசிக் கார்டில் போன மாதம் எழுதியிருந்த எடையிலிருந்து கூடவே இல்லை. கொஞ்சம் குறைந்துமிருந்தது. அழுகிற சத்தம்கூட மெலிந்திருந்தது. டானிக்கை எடுக்காமல், பகலில் யார், எப்படிப் பால் கலக்குகிறார்கள் என்று கேட்டேன்.

பகலில் எஸ்தர் கம்பெனிக்குப் போய்விடுவாள். குழந்தையைப் பார்த்துக்கொள்வது அவள் புருஷன் ஜெபராஜ். சாயப்பட்டறை லேபில் இரவு ஷிப்ட், சாம்பிள் துணியின் ஷேடு வருகிற வரை கலர் சேர்க்கிற வேலை. நல்ல மனுஷன், குழந்தை மேல் உயிர். நம்மூர் டின்னுக்கு நான் சொன்ன அளவில்தான் கலக்கிக்கொண்டிருந்தார். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா? புது டின்னில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாததால், தனக்குத் தெரிந்த வழியில் இறங்கிவிட்டார். பழைய பாலின் வெள்ளை வருகிற வரை பவுடரைத் தூவுவது. இந்தப் பவுடர் அதைவிட வெளுப்பு. ஒரு சிட்டிகை போட்டாலே வெள்ளை வந்துவிடுகிறது. அதே டின்தான். பெரிய வீட்டில் கெட்டியாகி அடைத்தது, லைன் வீட்டில் வெறும் தண்ணீராகி இளைக்க வைத்தது. ஜெபராஜைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் கண்ணில் தண்ணீர், ஆனால் தொழிலை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை: "நான் கலரு பாத்து ஒரு நாளும் தப்புனதில்லக்கா. ஜன்னல் வெளிச்சத்துல வச்சில்லா பாத்தேன், ஷேடு கரெக்டா ஓகே ஆயிட்டு."

ஆடிட் நாள்

பெரியாஸ்பத்திரி டாக்டர் டானிக் எதுவும் எழுதவில்லை. அளவைத் திருத்தினார். தாய்க்கு நன்றாகப் பால் இருக்கிறது, அதைக் கொடுத்தால் குழந்தை தேறிவிடும், இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிவரும் என்றார். எஸ்தருக்குப் பால் இருந்தது வாஸ்தவம்தான். பதினோரு மணிக்கும் மூன்று மணிக்கும் மார்பு கட்டிக்கொண்டு, கம்பெனி பாத்ரூமில் போய்ப் பீய்ச்சி விட்டுக்கொண்டிருந்தாள். குழந்தை இரண்டு சந்து தள்ளி டின்னுக்கு அழுதுகொண்டிருந்தது. இதைச் சொல்லும்போது அவள் குனிந்துகொண்டாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

அடுத்த வாரம் கம்பெனியில் ஆடிட். ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டு பையர் அனுப்பிய ஆட்கள், தொழிலாளிகளை ஒழுங்காக வைத்திருக்கிறார்களா என்று பார்க்க வருகிற நாள். கம்பெனியில் குழந்தைக் காப்பகம் என்று ஓர் அறை உண்டு. அதில் வருஷம் முழுக்க அட்டைப்பெட்டிகள் தூங்கும். அன்றைக்குப் பெட்டிகளை வெளியேற்றி, சுவரில் முயல் படம் ஒட்டி, தொட்டில் கட்டினார்கள். தொட்டில் இருந்தால் பிள்ளை வேண்டுமே! சூப்பர்வைசர் லைன் வீடுகளுக்கு ஆள் அனுப்பி நாலு குழந்தைகளைத் திரட்டினார். எஸ்தர் குழந்தையும் ஒன்று. வந்தவர்கள் பார்க்க வேண்டும் என்பதற்காக அவளை மூன்று தடவை பால் கொடுக்க அனுப்பினார்கள். சாயங்காலம் குழந்தையோடு கடைக்கு வந்தாள். அது வயிறு நிறைந்து, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தது. அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. "அக்கா, இந்த ஆடிட்காரவ தெனமும் வரமாட்டாவளா?"

சென்னியப்பனின் தர்மம்

அண்ணன் சர்க்கரை மாத்திரை வாங்க வந்தபோது பிடித்துக்கொண்டேன். பால் கொடுக்க இடைவேளை சட்டத்திலேயே இருக்கிறது; எஸ்தருக்குக் காலையில் அரை மணி, மத்தியானம் அரை மணி வெளியே விடுங்கள், வீடு கூப்பிடு தூரம்தானே என்றேன். அவர் கெட்ட மனுஷன் இல்லை. நிஜமாகவே வருத்தப்பட்டார். ஆனால் வேலை நேரத்தில் ஒருத்தருக்கு கேட் பாஸ் எழுதினால் நாளைக்கு நாற்பது பேர் கேட்பார்கள், ஷிப்மென்ட் நிற்கும் என்றார். அப்புறம் ஒரு யோசனை தோன்றியது. முகம் பளிச்சென்று ஆனது. விதி தளர்ந்து டின் விலை குறையப் போகிறதல்லவா? கம்பெனியில் கைக்குழந்தை வைத்திருக்கிற எல்லோருக்கும் மாதாமாதம் வெளிநாட்டு டின் இலவசமாகத் தரப்போகிறாராம். இந்தத் தடவை அளவைத் தமிழில் அச்சடித்து ஒட்டியே கொடுப்பாராம்.

மாத்திரைக்குச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்த நான் எண்ணிக்கையைக் கோட்டைவிட்டேன். அதை அவர் ஆனந்தம் என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. மாத்திரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தெய்வம் வரம் கொடுக்கிற மாதிரி கையைத் தூக்கினார். "இனி என்ற கம்பெனில ஒரு தாயும் பால் குடுக்க ஊட்டுக்கு ஓட வேண்டிய சோலியே இல்லீங்க அம்மிணி!"

தராசு

ஒரு மாதம் கழித்து எஸ்தர் மத்தியானம் இரண்டு மணிக்கு வந்தாள். வேலை நாளில் அந்த நேரத்தில் அவளைக் கடையில் பார்த்ததே இல்லை. குழந்தையை எடை போட வேண்டும் என்றாள். தராசு முள் நகர்ந்து நின்ற இடத்தைப் பார்த்து இரண்டு பேரும் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டோம். குழந்தை பயந்து, நல்ல பலமான குரலில் அழுதது. கம்பெனியை விட்டுவிட்டாளாம். லைன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வீட்டில் பனியனுக்குப் பிசிறு வெட்டுகிற வேலை. கூலி குறைச்சல்தான், வாடகைக்கே இழுபறி. ஆனால் தொட்டிலைப் பக்கத்தில் கட்டிக்கொள்ளலாம்.

சென்னியப்பன் அண்ணன் இலவச டின் தருகிறேன் என்று சொன்ன பிறகும் விட்டுவிட்டாயே, அவருக்கு வருத்தமாக இருக்குமே என்று சீண்டினேன். அவள் குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "ஏழு கடல் தாண்டி வாரதுக்கு டின்னுக்கு வழி விடப் போறாவளாம். ரெண்டு சந்து தாண்டிப் போவ எனக்கு ஒரு கேட் பாஸ் குடுக்க மாட்டேன்னுட்டாவளே அக்கா."

பதினெட்டு வருஷ அனுபவத்தில் சொல்கிறேன், எங்கள் ஊரில் எப்பேர்ப்பட்ட விதியும் தளரும், கேட்பது டின்னாக மட்டும் இருந்துவிட்டால்.