தெல்கர்மா கார் வாங்கிய டிசம்பர்

தெல்கர்மா நான்காவது தடவையில் ஓட்டுநர் உரிமம் வாங்கிவிட்டாள். முதல் மூன்று தடவையும் தேர்வு மைதானத்தில் நிறுத்தியிருந்த கூம்புகளை இடித்துத் தள்ளியவள். உரிமம் கைக்கு வந்த மறுநாள் காலை, எங்கள் ஊரான நலைக்கின் பேருந்து நிறுத்தத்தில் நின்ற எங்கள் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தாள். அப்போது அவளுக்கு நாற்பத்தாறு வயது.

தலைநகர் உலான்பாதரில் ஒரு மழலையர் பள்ளியில் அவள்தான் தலைமைச் சமையல்காரி. இருநூறு குழந்தைகளுக்குக் காலையில் கஞ்சி, மதியம் சூப். நலைக்கிலிருந்து நகரம் முப்பத்தைந்து கிலோமீட்டர். ஐந்தே முக்கால் பேருந்தைப் பிடித்தால்தான் அடுப்பு நேரத்துக்கு எரியும். நான் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். பதினொரு வருடமாக அதே பேருந்தில் அவளுக்குப் பக்கத்து இருக்கை. போன ஜனவரியில் பேருந்து கணவாய் ஏற்றத்தில் நின்றுபோனது. நாங்களெல்லாம் காலை உதறிக்கொண்டு நிற்க, அவள் மட்டும் ஒரு நிலக்கரி லாரியை மறித்து ஏறிப் போய்விட்டாள். முகமெல்லாம் கரியோடு போய்க் கஞ்சி காய்ச்சினாளாம். கார் ஆசை அன்றைக்குத்தான் பிடித்தது.

அதுவும் ஹைப்ரிட் கார். பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓடுவது. ஜப்பானில் பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டு எங்களிடம் வருவது. நகரத்தில் திரும்பின பக்கமெல்லாம் அதுதான். ஆனால் அவள் புருஷன் பூரெவ் ரஷ்ய ஜீப் ஆள். முற்றத்தில் நிற்கும் அந்தக் கிழ ஜீப்பின் வயிற்றுக்குக் கீழே தினமும் அரைமணி நேரம் தீ காட்டினால்தான் அது கண்ணைத் திறக்கும்.

"பேட்டரி செத்துச்சுன்னா அது காரு இல்ல, வெறும் தகரப் பெட்டி. உள்ள கோழி வளர்க்கலாம்" என்றான் பூரெவ்.

"உங்க ஜீப்ல என்ன வளர்க்கிறோமாம்? எலிதானே!" என்றாள் அவள்.

டிசம்பர் முதல் ஞாயிறு என்னையும் இழுத்துக்கொண்டு கார்ச் சந்தைக்குப் போனாள். முந்தைய நாளே தொலைபேசியில் ஒரு வியாபாரியிடம் சொல்லி வைத்திருந்தாள்: நான் வருகிற வரைக்கும் வண்டியைக் கிளப்பக் கூடாது, குளிர்ந்த எஞ்சின் கிளம்புகிறதா என்று பார்க்க வேண்டும். வண்டி சிவப்பு, பளபளவென்று இருந்தது. அவள் கையுறையைக் கழற்றி பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

"ஓயுனா, நீயும் வெச்சுப் பாரு" என்றாள்.

வைத்தேன். இதமான சூடு.

"தம்பி, இந்த வண்டிக்குக் காய்ச்சலா?" என்று கேட்டாள். அந்த ஆள் வாயைத் திறப்பதற்குள் நாங்கள் நாலு வரிசை தள்ளிப் போய்விட்டோம்.

அங்கேதான் கோன்சிக் என்ற அண்ணனைப் பார்த்தோம். ஒரு காலத்தில் மல்யுத்தம் செய்த ஆள், கதவளவு முதுகு. தன் சொந்த வெள்ளை ஹைப்ரிட்டை விற்க வந்திருந்தார். பின்கதவில் ஒரு நசுங்கல், ஓட்டுநர் இருக்கை அவர் எடைக்குக் குழிந்திருந்தது. "அதெல்லாம் நான் பண்ணினதுதான். காரு மேல தப்பே இல்ல" என்றார். சந்தை மெக்கானிக் தன் கருவியைச் சொருகிப் பார்த்துவிட்டு, "பேட்டரியில பதினாலு அறையும் சமமா இருக்குக்கா" என்றான்.

தெல்கர்மாவுக்கு அது போதவில்லை.

"அண்ணே, ஒரு ராத்திரி எங்க முற்றத்துல வெளியில நிக்கட்டும். விடிகாலையில நான் கிளப்பறேன். கிளம்பிச்சுன்னா என் பேருந்து வழியிலயே நகரம் வரைக்கும் ஓட்டிப் பாக்கறேன்."

"வண்டிய விட்டுட்டு நான் எப்படிம்மா போறது?"

"நீங்க ஏன் போறீங்க? எங்க வீட்டுல படுங்க. ஆட்டுக்கறிக் கொழுக்கட்டை பண்றேன்."

கோன்சிக் யோசித்ததாகவே தெரியவில்லை. கொழுக்கட்டை என்றதும் கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டார்.

அன்று நாற்பது கொழுக்கட்டை வெந்தது; முப்பது அவருக்குப் போனது என்று பூரெவ் பிறகு சொன்னான். வெளியே மைனஸ் முப்பத்துநான்கு.

காலை ஐந்தரைக்கு, சொல்லி வைத்தபடி, நான் அவர்கள் முற்றத்துக்குப் போனேன். என்னோடு ஹந்தாவும் அவள் மருமகளும் வந்தார்கள். அவர்களும் எங்கள் பேருந்துக்காரர்கள்தான். தெல்கர்மா டார்ச் விளக்கைக் காருக்கு நேரே பிடித்து விறைத்து நின்றாள். பானட்டின் மேல் தடித்த கம்பளி விரிப்பு ஒன்று போர்த்தியிருந்தது.

"கோன்சிக் அண்ணே! இதுக்கா உங்களுக்குக் கொழுக்கட்டை போட்டேன்?"

அவர் பாதி மாட்டிய பூட்சோடு ஓடிவந்தார். "நான் தொடலம்மா! சத்தியமா தொடல! படுத்தவன் இப்பத்தான் எந்திரிக்கறேன்!"

அவருக்குப் பின்னால் வாசலில் பூரெவ் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"நான்தான் போர்த்தினேன்" என்றான். "நாலு மணிக்கு ஜன்னல் வழியாப் பாத்தேன். வெட்டவெளியில தனியா நின்னுச்சு. மனசு கேக்கல."

"கோழி வளர்க்கலாம்னு சொன்ன பெட்டிக்கா மனசு கேக்கல?"

ஹந்தா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "நாலு மணிக்குள்ள எஞ்சின் கல்லாயிருக்கும்டி. அதுக்கப்புறம் போர்த்தினா என்ன சூடு வரும்? ஏறு, கிளப்பு!" என்றாள்.

தெல்கர்மா விரிப்பை உருவிப் புருஷன் தோளில் போட்டுவிட்டு ஏறினாள். பொத்தானை அழுத்தினாள். முகப்பில் விளக்குகள் வந்தன. ஜப்பான்காரி ஒருத்தி உள்ளிருந்து மரியாதையாக ஏதோ சொன்னாள். பிறகு சத்தமே இல்லை. ஒரு நொடி, இரண்டு நொடி. பூரெவ் வாயைத் திறந்தான். அதற்குள் எஞ்சின் லேசாக உறுமிப் பிடித்துக்கொண்டது. இருமல் இல்லை, தும்மல் இல்லை. தெல்கர்மா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் தட்டித் தட்டிக் கத்தினாள்: "கிளம்பிடுச்சு! கிளம்பிடுச்சுடி!"

நான் முன்னால் இடப்பக்கம். பின்னால் கோன்சிக் நடுவில், அவருக்கு இந்தப் பக்கம் ஹந்தா, அந்தப் பக்கம் மருமகள், இருவரும் கதவோடு ஒட்டிப்போனார்கள். பேருந்து நிறுத்தத்தைத் தாண்டும்போது அங்கே நின்றவர்களுக்கு ராணி மாதிரி கையசைத்தோம்.

கணவாய் ஏற்றத்தில் முன்னால் ஒரு நிலக்கரி லாரி ஊர்ந்தது. ஜப்பான் காரில் ஸ்டியரிங் வலப்பக்கம், நாங்கள் போவதும் சாலையின் வலப்பக்கம். ஸ்டியரிங் பக்கம் உட்கார்ந்தால் முன்னால் போகும் லாரி மறைத்து எதிரே வருவது தெரியாது. இடப்பக்கம் இருப்பவர்தான் கண்.

"ஓயுனா, பாரு!"

"இரு... வெளிச்சம் வருது... இரு... போ! இப்பப் போ!"

அழுத்தினாள். ஐந்து பேர் எடையோடு, அதிலும் கோன்சிக் எடையோடு, ஏற்றத்தில் ஏறுமா என்று எனக்குச் சந்தேகம்தான். எஞ்சின் உறுமியது, பேட்டரி பின்னாலிருந்து தள்ளியது, லாரி அவள் பக்க ஜன்னலிலிருந்து நழுவிப் பின்னே போனது. கோன்சிக் கைதட்டினார். விற்கிற ஆளே கைதட்டினால் என்ன செய்வது! இறக்கத்தில் எஞ்சின் தானாக அடங்க, திரையில் பேட்டரிக் கோடுகள் ஒவ்வொன்றாக ஏறின. "சும்மா இறங்கறதுக்கே சம்பளமாடி?" என்று ஹந்தா வாயைப் பிளந்தாள். ஹீட்டர் காற்றில் எனக்குக் கால் விரல் சுட்டது. அந்தச் சாலையில் பதினொரு வருடத்தில் முதல்முறையாகக் கால் விரல் சுட்டது.

ஆறரைக்கு மழலையர் பள்ளி வாசலில் நின்றோம். காவலாளியே இன்னும் எழவில்லை. கதவைத் தட்டி எழுப்பினோம்.

பேரம் சமையலறையில் நடந்தது. தெல்கர்மா கஞ்சி கிண்டினாள், கோன்சிக் அண்டா பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்தார். அவர் கேட்டது ஒரு கோடியே முப்பது லட்சம் துக்ரிக். அவள் நசுங்கிய கதவைச் சொன்னாள், குழிந்த இருக்கையைச் சொன்னாள். ஒரு கோடியே இருபத்திரண்டு என்றாள். "இருபத்தஞ்சு" என்றார் அவர். அப்போது அவள் தொலைபேசி அடித்தது. பூரெவ்.

"கணவாய் ஏறிச்சா?"

"லாரியையே முந்திடுச்சு."

"அப்ப பேசிட்டு நிக்காத. முடிச்சிடு. நான் ஜீப்ப நகத்தி இடம் பண்றேன்."

இருபத்து மூன்றில் முடிந்தது. கோன்சிக் இரண்டு கைகளாலும் சாவியை நீட்டினார். அவளும் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவர் மூன்று கிண்ணம் கஞ்சி குடித்தார்.

மதியம் அவர்கள் போய்ப் பேர் மாற்றிப் பதிந்துவிட்டார்கள். சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் விடாமல் ஹாரன் அடித்தது. சலவைக்கூடத்துப் பெண்கள் ஈரக் கையோடு ஜன்னலுக்கு ஓடினார்கள். கீழே தெல்கர்மா, தொப்பி ஒரு பக்கம் சரிந்து, கண்ணாடியை இறக்கிவிட்டுக் கத்தினாள்: "ஏறுடி ஓயுனா! எவ்வளவு நேரமா நிக்கறது?"

நலைக் வந்ததும் என்னை வீட்டில் இறக்க வேண்டும். இறக்கவில்லை. என் தெருவைத் தாண்டிப் போனாள், சந்தையைச் சுற்றினாள், மறுபடி என் தெருவைத் தாண்டினாள்.

"என் வீடு தாண்டிடுச்சுடி" என்றேன்.

"தெரியும்" என்றாள். "இன்னும் ஒரே ஒரு சுத்து."