வயிற்றுக்குள் ஒரு விக்கல்

அந்தத் தையல்காரிக்குப் பயம் கூடவே பிறந்தது. ஊசி முறிந்தாலே நாள் முழுக்கப் புலம்புவாள். அன்று காலர் தைக்கையில் மெஷின் தாளம் தப்பியது போலிருந்தது. பெடலிலிருந்து காலை எடுத்தாள். மெஷின் நின்றது, அவளுடைய எட்டு மாத வயிற்றுக்குள் மட்டும் அந்த 'டக், டக்' நிற்கவில்லை.

பதறிப்போய்ப் பக்கத்து மெஷினிலிருந்த நாத்தனாரைக் கூப்பிட்டாள். இரண்டு பிள்ளை பெற்ற நாத்தனார் அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள்.

"பாப்பாவுக்கு விக்கல், அண்ணி. எல்லாக் குழந்தைக்கும் வரும்."

"யாராவது நினைச்சாத்தானே விக்கல் வரும்? இது இன்னும் வெளியவே வரல, யாரு நினைப்பா?"

"நீங்கதான் காலையிலேர்ந்து அதையே நினைச்சு உருகுறீங்களே! கொஞ்சம் விடுங்க, நின்னுடும்."

பல்லைக் கடித்துக்கொண்டு, குழந்தையை நினைக்காமல் காலரைத் தைத்து முடித்தாள். விக்கல் நின்றது.

"ஐயோ, இப்ப ஏன் நின்னுடுச்சு?"